வரி குறைந்த வாரம்

என் அக்கா ஜெனிஃபா டெல்லியில் வெளியுறவுக் கொள்கைப் பேராசிரியர். இதை எங்கள் அம்மா ஜெயபுஷ்பம் முதன்முதலாக ஆம்பூர் சர்ச்சில் சொன்னபோது பக்கத்தில் இருந்தவர், "ஃபாரின் பாலிசின்னா எல்.ஐ.சி. மாதிரிங்களா சிஸ்டர்?" என்று கேட்டாராம். அம்மா வேலூரில் நர்ஸாக இருந்தவர். எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொள்வது அவருக்குப் பிடிக்காது. வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்கு போன் போட்டு, நாலு பேர் கேட்டால் நான் சொல்லவேண்டாமா, நீ செய்கிற வேலை என்ன என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

"ஒரு நாடு இன்னொரு நாட்ட மிரட்டணும்னா இப்பல்லாம் பட்டாளத்த அனுப்பறதில்ல. உன் சரக்க வாங்கமாட்டேன்னு சொல்லுது, இல்லன்னா வரியப் போடுது. அப்படிப் போட்டா இன்னா ஆவுதுன்னு என் பொண்ணு ஆராய்ச்சி பண்றா."

அக்காவின் ஆராய்ச்சியை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த ஆராய்ச்சி எங்கே தொடங்கியது என்பதும் எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் அக்கா பள்ளியில் பெரிய வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஜெர்மனி சில ரசாயனங்களையும் சாயங்களையும் தடைசெய்து, அவை கலந்த தோலை உள்ளே விடமாட்டோம் என்று சொன்ன காலம். அக்காவின் சிநேகிதி நசீமுன்னிசாவின் அப்பா வாணியம்பாடியில் சின்னதாக ஒரு ஷாப் வைத்திருந்தார். தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் பக்கம் ஷாப் என்றுதான் சொல்வோம். அவருடைய தோலை ஏற்றி அனுப்பிய சரக்கு துறைமுகத்திலிருந்தே திரும்பி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு அப்பா எங்களையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார். நசீமுன்னிசாவின் அப்பா எங்களுக்கு டீ வரவழைத்தார், படிப்பைப் பற்றி விசாரித்தார், சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஷாப்பின் கதவு சாத்தியிருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா அப்பாவிடம், ஜெர்மனிக்காரர்கள் நம்மைக் கேட்காமல் எப்படி முடிவெடுத்தார்கள் என்று கேட்டாள். எங்கள் அப்பா மோசஸ் பள்ளிக்கூட வாத்தியார். அவங்க நாடு, அவங்க சட்டம், அதுல நாம சொல்ல இன்னா இருக்கு என்றார்.

"சட்டம் அவங்க நாட்டுதுப்பா. சாத்துன கதவு நம்ம ஊருதாச்சே."

அப்பா ஆம்பூர் வரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அவளுடைய படிப்பு முழுக்க அந்தக் கேள்வியின் பின்னாலேயே போனதென்று பிறகு நான் புரிந்துகொண்டேன்.

அக்காவும் நசீமுன்னிசாவும் வாணியம்பாடிக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தார்கள். நசீமுன்னிசா பொருளாதாரம் எடுத்து அங்கேயே ஆசிரியையாகிவிட்டார். அக்கா டெல்லிக்குப் போனாள். எங்கள் சொந்தக்காரர்கள் பேங்க் பரீட்சை எழுதச் சொன்னார்கள், ஐ.ஏ.எஸ். எழுதச் சொன்னார்கள். அவள் எல்லாருக்கும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுத் தான் நினைத்ததையே படித்தாள். இந்தி தெரியாமல் போனவளுக்கு நசீமுன்னிசா வீட்டில் காதில் விழுந்த உருது கைகொடுத்தது.

அவளுடைய துறையில் எல்லாரும் ஏவுகணை, எல்லைத் தகராறு, கடற்படை என்று பேசிக்கொண்டிருந்தபோது இவள் வங்கதேசத்து இறாலை ஐரோப்பா ஒரு காலத்தில் நிறுத்தி வைத்ததைப் பற்றியும், நார்வேயின் மீனைச் சீனா வாங்காமல் விட்டதைப் பற்றியும் எழுதினாள். ஒரு கருத்தரங்கில் மூத்த பேராசிரியர் ஒருவர் அவளை "நம்முடைய மீன்கார அம்மணி" என்று அறிமுகப்படுத்தினாராம். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த மாதமே வங்கதேசத்தின் குல்னாவுக்கு ரயிலும் பஸ்ஸுமாகப் போய் இறால் உரிக்கிற பெண்களோடு உட்கார்ந்துவிட்டு வந்தாள். பிறகு புத்தகம் எழுதினாள். பெரிய நாடு வணிகத்தை ஆயுதமாக எடுத்தால் அதில் அதற்கும் அடிபடும், அதனால் சீக்கிரமோ தாமதமாகவோ சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் சாரம். பல வருஷம் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நாடுகள் ஒன்றுக்கொன்று வரி போட ஆரம்பித்ததும் டி.வி.க்காரர்கள் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

டி.வி.யில் அவளைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். மற்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் கத்திக்கொண்டிருப்பார்கள். இவளிடம் கேள்வி வந்தால் யோசிப்பாள். தெரியாததற்குத் தெரியாது என்பாள். ஒருமுறை அப்படிச் சொன்னபோது கேள்வி கேட்டவர் அவசரமாக விளம்பரத்துக்குப் போய்விட்டார்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர்களோடு பேசி, சாம்பிள் அனுப்பி, சரக்கு கப்பலேறும் வரை கூடவே ஓடுகிற வேலை. என் முதலாளி நவீத் அக்காவின் வயதுக்காரர். எங்கள் சரக்கில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரி போட்டது, அதை இரட்டிப்பாக்கப் போவதாகவும் சொன்னது. அந்தச் சமயத்தில் அக்கா விடுமுறைக்கு வந்திருந்தாள். நவீத் சார் ஏற்றுமதிக்காரர்கள் சிலரைக் கூட்டி அவளைப் பேச அழைத்தார்.

அக்கா பொறுமையாக, தமிழில், எல்லாருக்கும் விளங்கும்படி பேசினாள். முன்பு நடந்தவற்றை வைத்துப் பார்த்தால் இப்படிப்பட்ட வரி நிலைக்காது, பேச்சுவார்த்தை நடக்கும், குறைப்பார்கள், பதற வேண்டாம் என்றாள். கூட்டம் முடிந்து போகும்போது பலர் முகம் தெளிந்திருந்தது. ஆனால் மற்றவர்கள் அவளுடைய பேச்சை மட்டும் நம்பியிராமல் வேறு ஏற்பாடும் செய்தார்கள். ஒருவர் ஆர்டர் பிடிக்க ஸ்பெயினுக்கு ஆள் அனுப்பினார். இன்னொருவர் உள்நாட்டுக் கடைகளுக்குத் தைக்க ஆரம்பித்தார். நவீத் சார் மட்டும் காத்திருந்தார். அமெரிக்க பையரும் கொஞ்சம் பொறுங்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தான். அவனும் சொல்கிறான், புத்தகம் எழுதினவர்களும் சொல்கிறார்கள் என்று நவீத் சார் இருந்துவிட்டார். நவம்பரில் அந்த பையர் ஆர்டரை வியட்நாமுக்கு மாற்றிவிட்டான். நாங்கள் வேறு நாடுகளில் போய்க் கேட்டபோது அங்கெல்லாம் எங்களுக்கு முன்னால் வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஷூவின் மேல்பாகம் தைக்கிற எங்கள் இரண்டாவது யூனிட்டை மூடினோம். அங்கே வேலை செய்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் பெண்கள்.

சில நாள் கழித்து நான் அக்காவுக்கு போன் செய்தேன். ஒரு நல்ல மனுஷர் உன் புத்தகத்தை நம்பி மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டார் என்று சொன்னேன். அவள் தன் பக்க நியாயம் எதுவும் பேசவில்லை. எந்த யூனிட், என்றைக்கு மூடினார்கள், அந்தப் பெண்கள் இப்போது எங்கே என்று மட்டும் கேட்டாள். முதல் இரண்டைச் சொன்னேன், மூன்றாவதை விசாரித்துத்தான் சொல்லவேண்டும் என்றேன்.

"சரி, நான் வர்றேன்" என்றாள்.

பல்கலைக்கழகத்தில் நீண்ட விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெண்ட் சமயத்தில் வந்து சேர்ந்தாள். முதலில் நவீத் சாரைப் பார்க்கப் போனோம். அக்கா பேச வாயெடுப்பதற்குள் அவர் தடுத்துவிட்டார். "மேடம், நீங்க படிச்சத சொன்னீங்க. காத்துட்டு இருந்தது நான். அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? பேஜார் பண்ணிக்காதீங்க." பிறகு பிரியாணி சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அக்கா சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும், யூனிட்டில் வேலை பார்த்தவர்களை ஒருதரம் பார்க்க முடியுமா என்று கேட்டாள்.

பி.எஃப். கையெழுத்துக்காக அவர்களை வரச்சொல்லியிருந்த நாள் ஒன்று இருந்தது. பூட்டிய யூனிட்டின் வாசலில் வேப்ப மரத்தடியில் பெண்கள் கூடியிருந்தார்கள். அக்கா அவர்கள் முன்னால் போய் நின்றாள். தான் யார், ஆகஸ்டில் என்ன பேசினாள் என்பதைச் சொன்னாள்.

"வரி சீக்கிரம் போய்டும், பயப்பட வேணாம்னு நான்தான் சொன்னேன். உங்க முதலாளி அத நம்பனாரு. நான் சொன்னது தப்பாப் போச்சு. அத உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

ஒரு பெண், இவர் யார், கம்பெனி ஆளா என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். முன்வரிசையில் நின்ற சுந்தரி அந்த யூனிட்டில் சூப்பர்வைசராக இருந்தவள். அவள் அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். கோபமாகத்தான் பேசப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சரிங்க மேடம், சொல்லிட்டீங்க. இப்ப இன்னா ஆவும்? அத சொல்லுங்க."

"தெரியலம்மா. தெரிஞ்சிக்கற வரைக்கும் இங்கதான் இருக்கப்போறேன்."

"அப்ப வீட்டாண்ட வாங்க. நிக்கவச்சிப் பேசற விஷயமா இது."

அன்றிலிருந்து இரண்டு மாதம் அக்கா எங்கள் வீட்டில் தங்கினாள். காலையில் டிபன் முடித்ததும் கிளம்பிவிடுவாள். கல்லூரி இல்லாத நாட்களில் வாணியம்பாடியிலிருந்து நசீமுன்னிசா வந்து சேர்ந்துகொள்வார். சுந்தரி வீட்டில் ஆரம்பித்து, யூனிட்டில் இருந்த ஒவ்வொரு பெண்ணையும் தேடிப்போனார்கள். சிலர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள், விடியுமுன் கிளம்பினால் இருட்டித்தான் வீடு. ஒருத்தி கணியம்பாடிக்கு அம்மா வீட்டோடு போய் நிலத்தில் வேலை செய்தாள். சிலர் வீட்டில் இருந்தார்கள். ஒன்றாக ஒரு லைனில் உட்கார்ந்து தைத்தவர்கள் இப்படித் திசைக்கொன்றாகப் போயிருந்தார்கள்.

அக்கா பழைய விஷயத்தையும் தோண்ட ஆரம்பித்தாள். அவள் புத்தகத்தில் ஜெர்மனியின் தடைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தாள். எங்கள் ஊர்க்காரர்கள் ரசாயனத்தை மாற்றினார்கள், ஏற்றுமதி பழையபடி ஏறியது, பிரச்சினை தீர்ந்தது என்று அதில் எழுதியிருந்தாள். இப்போது வாணியம்பாடியில் தெருத்தெருவாக நடந்து, அன்று சாத்திய ஷாப்புகளில் எவை மறுபடி திறந்தன என்று விசாரித்தாள். ஏற்றுமதி ஏறியது உண்மைதான். அதைச் செய்தவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள். சின்ன ஷாப்புகளில் அனேகமாக ஒன்றும் திறக்கவில்லை. திறந்த ஒன்றிரண்டுக்கும் பழைய பையர் திரும்பவில்லை.

நசீமுன்னிசா வீட்டு மாடியில் உட்கார்ந்து இதைப் பேசிக்கொண்டிருந்தபோது நானும் இருந்தேன். அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு, உங்க அப்பா ஷாப்பைத் திறக்கவே இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும், தெரிந்தும் எப்படி இப்படி எழுதினேன் என்றாள்.

"எங்க அத்தா ஒருத்தருக்குத்தான் நேரம் சரியில்லன்னு நெனச்சிட்ட" என்றார் நசீமுன்னிசா. "நானும் அப்படித்தான்டி நெனச்சிட்டிருந்தேன். நான் எகனாமிக்ஸ் நடத்தறவ. தெருவே அப்படின்னு இப்பதானே எனக்கும் தெரியுது."

அக்கா குல்னாவில் தனக்குப் பழக்கமானவர்களிடம் பேசினாள். அங்கேயும் தடை நீங்கிய பிறகு பழைய வேலைக்குத் திரும்ப முடியாதவர்கள் இருந்தார்கள். அவளுக்குத் தன் தவறு எங்கே என்று பிடிபட்டுவிட்டது. ஒரு நாடு வரியை எப்போது எடுத்தது என்று அளந்திருக்கிறாள். ஒரு ஊர் எப்போது எழுந்தது என்று அளக்கவில்லை. முதலாவது முடிந்த இடத்தில் கதை முடிந்துவிட்டதாக எழுதிவிட்டாள். சிதறாமல் ஆட்களைச் சேர்த்து வைத்துக்கொண்ட இடங்கள்தான் ஓரளவு எழுந்திருக்கின்றன என்பதையும் அவள் கண்டாள். இதையெல்லாம் பிப்ரவரியில் டெல்லியில் தான் ஆற்ற வேண்டிய உரையில் சொல்லப்போவதாக எங்களிடம் சொன்னாள். அது பெரிய உரை. அதைக் கேட்ட பிறகு அரசின் வணிக ஆலோசனைக் குழு ஒன்றில் அவளைச் சேர்ப்பார்கள் என்று பேச்சு இருந்தது.

உரை இருந்த வாரத்தில்தான் செய்தி வந்தது. இரண்டு அரசுகளும் பேசி முடித்துவிட்டன, அமெரிக்கா வரியை நன்றாகக் குறைக்கப்போகிறது. ஆம்பூரில் ஒரு கம்பெனி வாசலில் ஸ்வீட் கொடுத்தார்கள். அக்காவின் போன் ஓயவில்லை. ஆகஸ்டிலேயே சொன்னவர் என்று டி.வி.யில் அவள் படத்தைப் போட்டார்கள். புத்தகம் போட்டவர், பலித்த கணிப்பு என்று அட்டையில் அச்சடித்து உடனே மறுபதிப்பு கொண்டுவரலாமா என்று கேட்டார். எனக்கும் தலைகால் புரியாத சந்தோஷம்.

"அக்கா, நீ சொன்னதுதான் கடைசில நடந்துச்சு. இனிமே இன்னாத்துக்கு தப்பு, தப்புன்னு சொல்லிட்டிருக்கணும்?" என்றேன்.

துணி மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"ரெண்டாவது யூனிட்ட தொறந்துட்டாங்களா?"

"இல்ல. அந்த பையர் இனிமே வரமாட்டான்."

"அப்ப நடந்தது எதுடா?"

நவீத் சார் கம்பெனி வேலையாக என்னை டெல்லிக்குப் பக்கத்தில் நொய்டாவுக்கு அனுப்பினார். அதனால் அந்த உரையை நேரில் கேட்க முடிந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. ஒரு காலத்தில் மீன்கார அம்மணி என்று சொன்ன அதே பேராசிரியர்தான் தலைமை. சொன்னது சொன்னபடி நடந்த வாரத்தில் இவர் நம்மோடு இருக்கிறார் என்று அவர் அறிமுகம் செய்ய, எல்லாரும் கைதட்டினார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு அவள் பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அக்கா ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டு, நீங்கள் எந்தக் கணிப்புக்காகக் கைதட்டினீர்களோ அதைச் சொன்ன அத்தியாயம் தவறு என்று ஆரம்பித்தாள். பிறகு வாணியம்பாடித் தெருக்களையும், ஆம்பூரில் பூட்டிக் கிடக்கும் யூனிட்டையும், விடியுமுன் பஸ் ஏறுகிற பெண்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். வரி குறைந்துவிட்டது, நான் சொன்னபடியே குறைந்தது, ஆனாலும் என் ஊரில் எதுவும் திரும்பவில்லை, ஆகவே என் கணக்கு தொடங்கிய இடமே சரியில்லை என்றாள். பேச்சுவார்த்தைக்கு அரசு எடுத்துக்கொள்கிற காலம் முழுக்க அந்தத் தொழிலாளிகளை வேலையிடத்தோடு பிடித்து வைக்க வழிசெய்ய வேண்டும், அதுவும் வெளியுறவுக் கொள்கையின் பகுதிதான் என்றாள். குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, அப்படியானால் உங்கள் புத்தகமே தவறா என்றார். நான்காவது அத்தியாயம் தவறு, மற்றவற்றையும் சந்தேகத்தோடு படியுங்கள், நானும் அப்படித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று அக்கா சொன்னாள். அரங்கில் சிரிப்பு எழுந்தது. முன்புறம் ஒரு வயதான அம்மாள் எழுந்து நின்று கைதட்டினார். இளம் மாணவர்கள் பலர் சேர்ந்துகொண்டார்கள். பெரியவர்களில் சிலர் தட்டவில்லை.

வெளியே டீ கொடுத்தார்கள். தலைமை வகித்த பேராசிரியர் அக்காவின் அருகில் வந்து, உண்மையாகவே வருத்தத்தோடு, கையில் கிடைத்ததை நீங்களே தட்டிவிட்டீர்கள் என்றார். அக்கா அவருக்கு நன்றி சொன்னாள். பிறகு என்னிடம் திரும்பி, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, பசி உயிர் போகிறது என்று சமோசா தட்டைத் தேடிப் போனாள்.

ஆலோசனைக் குழுவில் வேறு ஒருவரைப் போட்டார்கள். அக்காவுக்கு அதில் வருத்தம் இருந்தது. இல்லாததுபோல் அவள் நடிக்கவில்லை. அங்கே உட்கார்ந்து சொல்லியிருந்தால் கொஞ்சம் நடந்திருக்கும் என்று இரண்டொரு முறை சொன்னாள். பழைய புத்தகத்தை அப்படியே மறுபதிப்பு போட அவள் சம்மதிக்கவில்லை. அந்த அத்தியாயத்தை நசீமுன்னிசாவோடு சேர்ந்து புதிதாக எழுதினாள், இரண்டு பேர் பெயரும் அதில் இருக்கிறது. நார்வேயிலிருந்து ஒரு ஆய்வாளர், தங்கள் துறைமுக ஊர்களிலும் இப்படித் தேடிப்பார்க்கப்போவதாகத் தெரிவித்திருந்தார். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் எந்தப் பதவிக்கும் வராத சந்தோஷத்தைப் பார்த்தேன்.

நவீத் சார் அக்காவின் உரையை என்னிடம் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு முதல் யூனிட்டில் இருந்தவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். இருக்கிற வேலையை எல்லாரும் பகிர்ந்துகொண்டால் வாரத்தில் சில நாளாவது இரண்டாவது யூனிட் ஆட்களை உள்ளே கொண்டுவர முடியும் என்றார். எல்லாருக்கும் அது பிடிக்கவில்லை. இரண்டு கூட்டம் சண்டையில் முடிந்தது. மூன்றாவதில் ஒத்துக்கொண்டார்கள். கோடையில் ஜப்பானிலிருந்து சின்னதாக ஒரு ஆர்டர் வந்தபோது, ஆட்கள் கையில் இருந்ததால் உடனே எடுக்க முடிந்தது. இரண்டாவது யூனிட்டில் ஒரு லைன் ஓடத் தொடங்கியது. சுந்தரி பழையபடி சூப்பர்வைசராக வந்துவிட்டாள். பாதிப் பேர் வரவில்லை.

இப்போது அக்காவும் நசீமுன்னிசாவும் வியட்நாம் போகிறார்கள். எங்கள் ஆர்டர் போய்ச் சேர்ந்த ஊரைப் பார்க்க வேண்டும், நாளைக்கு அங்கிருந்தும் அது வேறெங்காவது போனால் அந்த ஊர் என்ன ஆகும் என்று இன்றைக்கே எழுதி வைக்க வேண்டும் என்கிறாள் அக்கா. இதுவரை அவளுடைய துறையில் யாரும் அடி விழுவதற்கு முன்னால் போய் உட்கார்ந்ததில்லையாம்.

கிளம்புவதற்கு முன் கம்பெனிக்கு வந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். சுந்தரி மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள்.

"மேடம், அங்க நம்ம பொண்ணுங்க மாதிரி தைக்கிறவங்களப் பாப்பீங்க இல்ல?"

"அவங்களப் பாக்கத்தான் போறேன்."

"அவங்க ஆர்டர புடுங்கிக்கினாங்கன்னு எங்களுக்குக் கோவம் ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க. அப்புறம், குழந்தைங்கள எங்க வுட்டுட்டு வேலைக்கு வர்றாங்கன்னு கேட்டுக்கினு வாங்க."

அக்கா சரி என்றாள். சுந்தரி திரும்பிப் போய் மிஷினை ஓடவிட்டாள்.